ஒரு ரோமானியச் சிலை யார் யார் கைக்குப் போய் வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், பழைய பொருள் கடையில் 34.99 டாலருக்கு வாங்கிய ஒரு பளிங்குத் தலை, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ரோமானியச் சிலை என்று 2022இல் செய்தி வந்தது. பழஞ்சிலைகளைப் பற்றி எழுதுபவன் என்பதால் அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து என்னிடம் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுச் செல்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

உடைமை வரலாறு என்றால் என்ன? சிலையைச் செதுக்கியது யார் என்று கண்டுபிடிப்பதா?

இல்லை. ரோமானியச் சிற்பிகளில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே போய்விட்டார்கள். மண்ணிலிருந்து வெளியே வந்த நாள் முதல் இன்றுவரை அந்தச் சிலை யாரிடம் இருந்தது, எந்த ஊரில் இருந்தது, விலைக்குப் போனதா, சீதனமாகப் போனதா, திருட்டுப் போனதா என்பதே உடைமை வரலாறு. நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் கேட்பதும் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதும் எதற்கோ, அதற்குத்தான் இதுவும். ஒரே சங்கடம், சிலைகளுக்குப் பதிவாளர் அலுவலகம் கிடையாது.

ஒழுங்கான வரலாறு எப்படி இருக்கும் என்பதற்கு ‘லான்ஸ்டவுன் ஹெர்குலிஸ்’ என்ற சிலை நல்ல உதாரணம். ரோமுக்குப் பக்கத்தில் திவோலியில், பேரரசர் ஹேட்ரியனின் மாளிகை இருந்த பகுதியில் 1790 வாக்கில் கிடைத்தது. ரோமில் கடை விரித்திருந்த ஆங்கிலேய வியாபாரி தாமஸ் ஜென்கின்ஸ் மூலம் லான்ஸ்டவுன் பிரபு அதை வாங்கி லண்டன் மாளிகையில் வைத்தார். 1951இல் எண்ணெய் அதிபர் பால் கெட்டியின் கைக்கு வந்தது. இன்று கலிஃபோர்னியாவில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட கதையில் ஓட்டை இல்லை. இவ்வளவு சுத்தமான கணக்கு அபூர்வம்.

வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும் ரோமானியச் சிலைகள் எல்லாம் திருட்டுப் பொருள்தானே?

அப்படி ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. ரோம் நகரத்துப் பிரபுக் குடும்பங்கள் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே சிலைகளைச் சேர்த்தன, விற்றன. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் போர்கேஸே சிலைகளை நெப்போலியன் 1807இல் தன் தங்கை கணவர் கமிலோ போர்கேஸேயிடமிருந்து விலை கொடுத்து வாங்கினார். மைத்துனன் பேரரசனாக இருக்கும்போது ‘விற்க மாட்டேன்’ என்று சொல்லியிருக்க முடியுமா என்பது வேறு விஷயம். ஆனால் பத்திரம் இருக்கிறது.

சிக்கல் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். தோண்டுவது இத்தாலியிலோ துருக்கியிலோ இரவில் நடந்தது. விற்பனை ஸ்விட்சர்லாந்திலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் பகலில் நடந்தது. இன்று விசாரணைக்கு வருபவற்றில் பெரும்பகுதி இந்தக் காலத்தில் சந்தைக்கு வந்தவைதான்.

எல்லோரும் 1970 என்று சொல்கிறார்களே, அந்த ஆண்டில் என்ன நடந்தது?

கலைப் பொருட்களைச் சட்டவிரோதமாகக் கடத்துவதைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970 நவம்பரில் ஏற்கப்பட்டது. அமெரிக்க அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் 2008இல் அந்த ஆண்டையே எல்லைக்கோடாக வைத்தது. 1970க்கு முன்பே ஒரு சிலை தன் தாய்நாட்டைவிட்டு வெளியே இருந்தது என்றோ, அதன் பிறகு சட்டப்படி வெளியேறியது என்றோ காட்டினால்தான் வாங்கலாம் என்பது பொது விதி.

இதை ‘1970க்கு முன்னால் நடந்ததெல்லாம் மன்னிக்கப்பட்டது’ என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. துருக்கியில் 1906ஆம் ஆண்டு உஸ்மானியர் சட்டமே தொல்பொருளை அரசின் சொத்து என்று சொல்லிவிட்டது. இத்தாலியின் சட்டம் 1909இலிருந்து இருக்கிறது. 1967இல் தோண்டித் திருடியது 1967இலும் திருட்டுதான். அந்த ஆண்டை வேண்டுமென்றே சொல்கிறேன்; பின்னால் பூபோன் என்ற ஊரைப் பற்றிய கேள்வியில் அது வரும்.

ஒரு சிலை எதிரே இருக்கிறது. தேடலை எங்கிருந்து தொடங்குவார்கள்?

சிலையிலிருந்தேதான், அதுவும் முகத்திலிருந்து அல்ல. அனுபவமுள்ளவர் முதலில் பின்புறத்தையும் அடிப்பாகத்தையும் பார்ப்பார். பழைய சேகரிப்புகளில் கல்லின் மேலேயே வண்ணத்தில் எண் எழுதும் வழக்கம் இருந்தது. ஏல நிறுவனங்கள் சிறிய காகிதச் சீட்டு ஒட்டும். சீட்டு உதிர்ந்துபோயிருந்தாலும் பசை காய்ந்த சதுரம் சில நேரம் தங்கிவிடும். கழுத்தின் அடியில் துளையும் அதில் துருவேறிய இரும்புக் கம்பியின் கட்டையும் இருந்தால், யாரோ இதை எப்போதோ ஒரு பீடத்தில் பொருத்தி அலங்காரமாக வைத்திருந்தார்கள் என்று பொருள்.

மூக்கைப் பார்த்தால் இன்னும் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் உடைந்த மூக்கோடு ஒரு சீமான் வீட்டுக்குச் சிலை அனுப்ப மாட்டார்கள். ரோமில் பார்த்தலோமியோ கவசெப்பி போன்றவர்களின் பட்டறைகளில் புது மூக்கு, புது விரல், தேவையானால் முழுக் கையும் வைத்துக் கொடுத்தார்கள். உடைந்த பரப்பைச் சமமாக வெட்டி, அதில் புதுப் பளிங்கை மெல்லிய கோடு தெரியும்படி ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு வேலை பழைய சேகரிப்பில் இருந்ததற்கான வலுவான சாட்சி. மாறாக, மூக்கு புதிதாக உடைந்து, காது மடிப்பில் மண் அப்பியபடி, எந்தப் பழுதுபார்ப்பும் இல்லாமல் ‘நூறு ஆண்டாகக் குடும்பச் சொத்து’ என்று ஒரு தலை வந்தால் அந்தக் கதையில் ஏதோ இடிக்கிறது.

சரி, காகிதத்தில் எங்கே தேடுவது?

ரோம் நகர வீடுகளில் இருந்த சிலைகளை உலிஸ்ஸே அல்ட்ரோவாண்டி 1556இலேயே வீடு வீடாகப் பட்டியலிட்டு அச்சிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சுக்காரர் கிளாராக் ஆயிரக்கணக்கான சிலைகளைக் கோட்டோவியமாக வெளியிட்டார். இங்கிலாந்து மாளிகைகளில் இருந்தவற்றை ஜெர்மானியரான அடால்ஃப் மிகாயேலிஸ் 1882இல் தொகுத்தார். ஒரு சிலை இங்கிலாந்து வழியாக வந்ததாகச் சொன்னால் முதலில் மிகாயேலிஸைப் புரட்டாமல் யாரும் மேலே போவதில்லை. பிறகு குடும்பங்களின் சொத்துப் பட்டியல்கள், உயில்கள், போப்பாண்டவர் அரசு கொடுத்த ஏற்றுமதி அனுமதிகள். ரோமில் உள்ள ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தின் படக் கருவூலம் இன்னொரு சுரங்கம். ஜெர்மன் மொழி நாடுகளின் பழைய ஏலப் பட்டியல்களில் பெரும் பகுதியை ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

இதில் பெரிய தலைவலி, சிலைகளின் பெயர் நிலையாக இருப்பதில்லை. ஒரு நூற்றாண்டில் ரோமத் தளபதி ‘பாம்பேயின் மகன்’ என்று பட்டியலில் ஏறியது இன்னொரு நூற்றாண்டில் ‘துரூசுஸ்’ என்ற வேறொரு தளபதி ஆகிவிடும். பட்டறையில் கை மாட்டியவர் கையில் திராட்சைக் கொத்தைக் கொடுத்தால் விளையாட்டு வீரன் மதுவின் கடவுளான பாக்கஸ் ஆகிவிடுவான். எனவே பெயரை நம்பாமல் அளவு, உடைந்த இடம், முடிச் சுருளின் அமைப்பு ஆகியவற்றை வைத்தே ஒப்பிடுவார்கள். தலைமுடி இதில் விரல்ரேகை போலவே உதவும். நெற்றியில் எந்தச் சுருள் எந்தப் பக்கம் பிரிகிறது, எது நுனி உடைந்திருக்கிறது என்பது ஒரே உருவத்தின் இரண்டு பிரதிகளில்கூட அச்சு அசலாக ஒன்றாக இருப்பது அரிது.

அந்த ஆஸ்டின் சிலையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

2018இல் ஆஸ்டினில் பழம்பொருள் வியாபாரம் செய்யும் ஒரு பெண் தர்மக் கடை ஒன்றில், மேசைக்கு அடியில் தரையில் கிடந்த மார்பளவுச் சிலையைப் பார்த்தார். கன்னத்தில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. எடை 20 கிலோவுக்கு மேல். காரில் முன் இருக்கையில் உட்கார வைத்து, இருக்கைப் பட்டி மாட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்தப் படம் பிறகு உலகம் முழுக்கச் சுற்றியது.

பழையது என்று அவருக்குத் தோன்றியதால் ஏல நிறுவனங்களைக் கேட்டார். முதலாம் நூற்றாண்டை ஒட்டிய ரோமானிய வேலைப்பாடு என்று உறுதியானது. சிலையின் ஊரைக் கண்டுபிடித்தவர் சாத்பீஸ் ஏல நிறுவனத்தின் ஆலோசகர் யோர்க் டெட்டர்லிங். ஜெர்மனியின் அஷாஃபென்பர்க் நகரில் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக், பாம்பேய் நகரத்து வீடு ஒன்றைப் பார்த்து 1840களில் பாம்பேயானும் என்ற மாளிகையைக் கட்டினார். அங்கே இதே சிலை நிற்கும் 1930களின் புகைப்படம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் அந்தக் கட்டடம் குண்டுவீச்சில் சிதைந்தது. போருக்குப் பிறகு அந்த ஊரில் அமெரிக்கப் படை முகாமிட்டிருந்தது. யாரோ ஒரு சிப்பாய் மூட்டையோடு கொண்டுபோயிருக்கலாம் என்பது எல்லோருடைய ஊகம். பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

கவனிக்க வேண்டியது, 1945க்கும் 2018க்கும் இடையே எழுபது ஆண்டுக்கு மேல் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆனாலும் வழக்கு தீர்ந்தது. பவேரிய அரசு அதை ஒருபோதும் விற்கவில்லை என்பது தெளிவாக இருந்ததால் இடையில் யார் யாரிடம் இருந்தது என்பது பொருட்டில்லாமல் போனது. சிலை சான் அன்டோனியோ கலை அருங்காட்சியகத்தில் ஓராண்டு பார்வைக்கு வைக்கப்பட்டு, பிறகு பவேரியாவுக்குத் திரும்பியது. வாங்கிய பெண்ணுக்கு, கண்டெடுத்துக் கொடுத்ததற்காக ஒரு தொகை தரப்பட்டது. எவ்வளவு என்று வெளியிடவில்லை.

ஏலப் பட்டியலில் ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1960கள்’ என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்களே, அது போதாதா?

போதாது. அதில் என்ன தெளிவு இருக்கிறது? யார் என்று இல்லை, எந்த ஊர் என்று இல்லை, எந்த ஆண்டு என்றும் இல்லை. ஐரோப்பாவில் தனியார் வீடுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இந்த வரி சொல்லும் ஒரே உண்மை, சொல்ல எதுவும் இல்லை அல்லது சொல்ல விரும்பவில்லை என்பதுதான். ‘1960கள்’ என்பதும் தற்செயலாக விழுந்த எண் அல்ல. 1970க்கு இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

எல்லா நேரமும் இது மோசடி என்று சொல்ல மாட்டேன். தாத்தா வாங்கியதற்கு ரசீது வைத்திருக்கும் குடும்பங்கள் எந்த நாட்டிலும் குறைவு. ஆனால் உண்மையான பழைய சேகரிப்பு என்றால் ஏதாவது ஒரு தடயம் இருக்கும்: வரவேற்பறையில் எடுத்த கல்யாணப் படத்தின் ஓரத்தில் அந்தச் சிலை, காப்பீட்டுக் கணக்கில் ஒரு வரி, சாவுக்குப் பின் எடுத்த சொத்துப் பட்டியல். தேதி போட்ட ஒன்றையாவது காட்டச் சொல்லுங்கள்.

பழைய கடிதமே இருக்கிறது, கையெழுத்தோடு. இனி என்ன சந்தேகம்?

கடிதமும் ஒரு பொருள்தான். அதையும் சோதிக்க வேண்டும். கெட்டி அருங்காட்சியகம் 1985இல் வாங்கிய பெரிய பளிங்கு இளைஞன் சிலை கிரேக்கச் சிலை என்று விற்கப்பட்டது, ரோமானியது அல்ல. ஆனாலும் இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. அதனோடு வந்த பழைய கடிதங்களில் ஒன்று 1952இல் எழுதியதாக இருந்தது. அதிலிருந்த அஞ்சல் குறியீட்டு எண் 1972இல்தான் புழக்கத்துக்கு வந்தது. 1955 என்று தேதியிட்ட இன்னொரு கடிதம் ஒரு வங்கிக் கணக்கைக் குறிப்பிட்டது. அந்தக் கணக்கு தொடங்கப்பட்டதோ 1963இல். சிலை உண்மையா போலியா என்று இன்றுவரை அறிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். கடிதங்கள் போலி என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

திருட்டுப் பொருள் பட்டியலில் இல்லை என்று சான்றிதழ் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

காணாமல் போனதாக யாராவது புகார் கொடுத்தால்தானே பட்டியலில் ஏறும்? அருங்காட்சியகத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ திருடியதற்குப் புகார் இருக்கும். மண்ணுக்குள் இருந்த சிலையை நேற்று இரவு தோண்டி எடுத்தால், அப்படி ஒன்று இருந்தது என்பதே திருடனைத் தவிர யாருக்கும் தெரியாது. அதற்கு எந்தப் பட்டியலும் சுத்தமான சான்றிதழ்தான் கொடுக்கும்.

இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தவை கடத்தல் வியாபாரிகளின் சொந்தப் படங்கள். 1995இல் ஜெனீவாவின் சுங்கவரியில்லாக் கிடங்கில் ஜக்கோமோ மெடிச்சி என்ற இத்தாலிய வியாபாரியின் அறைகளைச் சோதனையிட்டபோது ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் சிக்கின. பல போலராய்டு படங்கள்; மண் ஒட்டியபடி, கழுவாமல், துண்டு துண்டாகக் கிடக்கும் சிலைகளும் கலயங்களும். அந்த வகை உடனடிப் பட ஃபிலிம் 1972இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே அதில் மண்ணோடு தெரியும் பொருள் 1970க்கு முன்பே ஒரு சீமான் வீட்டில் இருந்தது என்று யாரும் சாதிக்க முடியாது. ஏலத்துக்கு வரும் பொருட்களை ஆய்வாளர்கள் இன்றும் இந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து விற்பனையை நிறுத்துகிறார்கள்.

சிலையின் ஒரு பாதி ஒரு நாட்டிலும் மறுபாதி இன்னொரு நாட்டிலும் இருந்தால்?

அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. துருக்கியின் அந்தாலியா அருகே பெர்கே நகரில் 1980இல் துருக்கியத் தொல்லியலாளர் ஜாலே இனான் தலைமையில் நடந்த அகழாய்வில் ஒரு ஹெர்குலிஸின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதி கிடைத்தது. களைத்துப்போய்த் தடியில் சாய்ந்து நிற்கும் அமைப்பு. கிரேக்கச் சிற்பி லிசிப்போஸின் வெண்கலச் சிலையைப் பார்த்து ரோமானியர் காலத்தில் செதுக்கியது. அடுத்த ஆண்டே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஒரு சேகரிப்பாளரோடு கூட்டாக ஒரு ஹெர்குலிஸின் மேல்பகுதியை வாங்கியது.

1990இல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சியில் மேல்பகுதியைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. 1992இல் இரண்டு பாதிகளின் சுதை அச்சுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. அப்படியும் பாஸ்டன் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. பழங்காலத்திலேயே உடைந்து, மேல்பகுதி முன்னமே வெளியேறியிருக்கலாம் என்று வாதிட்டது. 2011இல்தான் மேல்பகுதி துருக்கிக்குப் போய், அந்தாலியா அருங்காட்சியகத்தில் இடுப்போடு சேர்ந்தது. பொருந்துகிறது என்று நிரூபிப்பதும் எப்போது பிரிந்தது என்று நிரூபிப்பதும் இரண்டு தனி வேலைகள் என்பதை இந்த வழக்கில் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

மறுபாதியும் இல்லை, படமும் இல்லை, திருடிய இடத்தில் அப்போது அகழாய்வும் நடக்கவில்லை. அப்போது என்ன செய்வது?

பூபோனில் நடந்தது அதுதான். துருக்கியின் தென்மேற்கில் பர்தூர் மாகாணத்தில், மலைச்சரிவில் உள்ள சிறிய பழைய ஊர். அங்கே ரோமப் பேரரசர்களை வழிபடும் மண்டபம் ஒன்று இருந்தது. ஆளுயரத்துக்கும் மேற்பட்ட வெண்கலச் சிலைகள் வரிசையாக நின்றன. 1960களில் பக்கத்துக் கிராமத்தவர்கள் தோண்டி எடுத்துத் தரகர்களிடம் விற்றார்கள். தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் போனது. 1967இல் அதிகாரிகள் விழித்துக்கொண்டபோது அகப்பட்டது சொற்பம். பிறகு ஜாலே இனான்தான் அங்கே அகழாய்வு செய்தார். சிலைகள் போய்விட்டன, ஆனால் பெயர் பொறித்த கற்பீடங்களைத் திருடர்கள் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யார் யார் நின்றார்கள், எந்த வரிசையில் நின்றார்கள் என்று பீடங்களை வைத்து அவர் எழுதினார். மார்க்கஸ் ஔரேலியஸின் பெயரும் அதில் இருந்தது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 1986இல் தலையில்லாத ஒரு வெண்கலச் சிலையை வாங்கியது. தத்துவ ஞானி கோலத்தில் போர்வை போர்த்திய மார்க்கஸ் ஔரேலியஸாக இருக்கலாம் என்றே அறிவிப்புப் பலகையில் பல ஆண்டு எழுதியிருந்தது. 2023இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் அதைக் கைப்பற்ற ஆணை பெற்றது. மதிப்பு 2 கோடி டாலர் என்றது. அந்தச் சமயத்தில் பலகையில் ‘போர்வை அணிந்த ஆண் உருவம்’ என்று பெயர் மாறியது! அருங்காட்சியகம், இது பூபோனிலிருந்து வந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எதிர்வழக்குப் போட்டது.

பிறகு இரு தரப்பும் அறிவியல் சோதனைக்கு ஒப்புக்கொண்டன. எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. சிலையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த மண்ணை எடுத்துப் பூபோன் மண்ணோடு ஒப்பிட்டார்கள். வெண்கலச் சிலையைப் பீடத்தில் நிறுத்த உள்ளங்காலுக்கும் கல்லுக்கும் இடையே ஈயம் காய்ச்சி ஊற்றுவார்கள்; காலில் மிஞ்சியிருந்த ஈயத்தை ஆராய்ந்தார்கள். பாதங்களுக்கு அச்செடுத்துப் பூபோனில் கிடந்த பீடத்தின் கால்குழிகளில் பொருத்திப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின. 2025 பிப்ரவரியில் அருங்காட்சியகம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் சிலை துருக்கிக்குப் போனது. அந்தக் காலத்தில் தோண்டுவதைப் பார்த்த கிராமத்து முதியவர்களின் வாக்குமூலங்களும் விசாரணையில் இருந்தன. பூபோனின் இன்னொரு பேரரசரான செப்டிமியஸ் செவெரஸ் சிலையின் உடல்பகுதி நியூயார்க்கிலிருந்து 2023இல் திரும்பியது. தலையைத் திருப்பித் தர கோபன்ஹேகன் அருங்காட்சியகம் 2024இல் முடிவு செய்தது.

பளிங்கையும் இப்படிச் சோதித்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடாதா?

எந்தக் குவாரி என்று தெரியும். கார்பன், ஆக்சிஜன் ஓரிடத்தான்களின் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களின்) விகிதத்தை வைத்து இத்தாலியின் கராராவா, கிரேக்கத்தின் பாரோஸ் தீவா, துருக்கியின் மர்மரா தீவா என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லலாம். ஆனால் ரோமானியர்கள் பளிங்கைக் கப்பலேற்றிப் பேரரசு முழுக்க அனுப்பினார்கள். மர்மராக் கல்லில் செதுக்கிய சிலை லிபியாவிலும் கிடைக்கும், லெபனானிலும் கிடைக்கும். ஆகவே எங்கே நின்றது என்பதற்கு இது துணைச் சான்று மட்டுமே. யாரிடம் இருந்தது என்பதற்குச் சான்றே அல்ல.

ரோமப் பேரரசு இன்று இல்லையே, எந்த நாட்டிடம் திருப்பித் தருவது?

எந்த நாட்டின் மண்ணிலிருந்து எடுத்ததோ அந்த நாட்டிடம். பிரிட்டனிலிருந்து சிரியா வரை பரந்திருந்த பேரரசு என்பதால், தோண்டிய இடத்தைக் காட்ட முடியாவிட்டால் கோரிக்கை விழுந்துவிடும். சிலை அல்லாத ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டும். செவ்சோ என்ற ரோமானிய வெள்ளிப் பாத்திரத் தொகுதியை லெபனான், யூகோஸ்லாவியா, ஹங்கேரி மூன்றும் உரிமை கோரின. லெபனான் பாதியில் விலகியது. மற்ற இரண்டும் தங்கள் மண்ணில் கிடைத்தது என்று நிரூபிக்க முடியவில்லை என 1993இல் நியூயார்க் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. கடைசியில் ஹங்கேரி 2014இலும் 2017இலும் பணம் கொடுத்துத்தான் அந்தப் பாத்திரங்களை வாங்கிக்கொண்டது.

எதுவும் தெரியாமல் நல்லெண்ணத்தில் காசு கொடுத்து வாங்கியவர் என்ன பாவம் செய்தார்?

பாவம் ஒன்றுமில்லை, ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நியூயார்க்கில் திருடனிடமிருந்து உரிமை யாருக்கும் போகாது. எத்தனை கை மாறினாலும், எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் சொந்தக்காரர் சொந்தக்காரர்தான். ஆஸ்டின் சிலையிலும் இதே தர்க்கம்தான் வேலை செய்தது. இத்தாலியிலும் ஸ்விட்சர்லாந்திலும் நல்லெண்ணத்தில் வாங்கியவருக்குப் பாதுகாப்பு அதிகம். இதனால்தான் அந்தக் காலத்தில் இத்தனை சிலைகள் ஸ்விட்சர்லாந்து வழியாகவே ‘பயணம்’ செய்தன. அந்த நாடும் 2005இல் சட்டத்தை இறுக்கி, பண்பாட்டுச் சொத்துக்கு உரிமை கோரும் காலத்தை ஐந்திலிருந்து முப்பது ஆண்டாக நீட்டியது.

முறையாக விலை கொடுத்து வாங்கி, அரசே அனுமதியும் கொடுத்திருந்தால் திரும்பக் கேட்க முடியாதுதானே?

கேட்டு, வாங்கியும் இருக்கிறார்கள். ரோமில் எஸ்குவிலின் குன்றில் 1781இல் கிடைத்த வட்டெறிபவன் சிலை மாசிமோ, பிறகு லான்செலோட்டி குடும்பங்களிடம் இருந்தது. ஹிட்லர் அதன்மேல் கண் வைத்தார். இத்தாலியக் கலைத்துறை அதிகாரிகள் எதிர்த்தும் முசோலினி அரசு வழிவிட, 1938இல் ஐம்பது லட்சம் லீராவுக்கு விலைபோய் மியூனிக் போனது. விற்றவர், வாங்கியவர், விலை, அனுமதி எல்லாம் இருந்தன. போர் முடிந்ததும், இந்த அனுமதி சட்டத்தை மீறி அரசியல் நெருக்கடியில் கொடுத்தது என்று இத்தாலி வாதாடி 1948இல் மீட்டது. இன்று ரோமின் பலாட்ஸோ மாசிமோவில் இருக்கிறது. மியூனிக் தரப்பின் மனக்குறை இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் 1933 முதல் 1945 வரை ஐரோப்பாவில் கை மாறிய எதையும் ஆய்வாளர்கள் இருமுறை பார்க்கிறார்கள். ரசீது இருக்கிறதா என்பதோடு, விற்றவர் விருப்பப்பட்டு விற்றாரா என்ற கேள்வியும் அந்த ஆண்டுகளுக்கு உண்டு. யூதக் குடும்பங்களின் சேகரிப்புகள் அப்போது அடிமாட்டு விலைக்குப் பறிபோயின.

நம் கோயில் சிலைகளை மீட்டதும் இதே முறையில்தானா?

அடிப்படை அதேதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியது. அதே சிலை கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் எடுத்த படங்கள் இருந்தன. ஒப்பிட்டதும் பொய் உடைமை வரலாறு உடைந்தது. 2014இல் நடராஜர் இந்தியா திரும்பினார். ஒரு வகையில் நமக்கு வேலை எளிது. வழிபாட்டில் இருந்த சிலை என்பதால் பார்த்த ஊரும் எடுத்த படமும் இருக்கின்றன. பூபோனில் மண்ணையும் ஈயத்தையும் நம்ப வேண்டியிருந்தது.

இணைய ஏலத்தில் சிறிய ரோமானியத் தலை ஒன்றைப் பார்த்தேன், வாங்கலாமா?

விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள். 1970க்கு முன்பு இது இருந்ததைக் காட்டும் தேதியிட்ட படமோ அச்சிட்ட பட்டியலோ இருக்கிறதா, எந்த நாட்டிலிருந்து எப்போது வெளியேறியது, அந்த ஏற்றுமதி அனுமதி எங்கே. முந்தைய உரிமையாளரின் பெயரைச் சொல்ல முடியாது, அந்தரங்கம் என்று பதில் வந்தால், மேலே ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ பற்றிச் சொன்னதைத் திரும்பப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். சிரியாவின் பழைய நகரமான பல்மைராவின் கல்லறைச் சிற்பங்கள் என்றால் இன்னும் கவனம். 1880களிலேயே ஐரோப்பா போனவையும் சிரியப் போரில் பெயர்த்து எடுத்தவையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவரும், 250 ஆண்டுக்கு மேற்பட்ட அகழ்பொருளுக்கு 2025 ஜூன் இறுதியிலிருந்து இறக்குமதி உரிமம் தேவை. அதைப் பெற, உருவான அல்லது கண்டெடுக்கப்பட்ட நாட்டிலிருந்து சட்டப்படி வெளியேறியதற்கு ஆதாரம் கேட்பார்கள். விற்பவர் கொடுக்காத காகிதத்தை அப்போது நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள், பொருள் சுங்கக் கிடங்கில் இருக்கும்.